முடிச்சு அவிழாத புடவை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. கன்னியாகுமரிச் சங்கு, மகாபலிபுரத்துக் கல் யானை, ஆக்ராவில் வாங்கிய குட்டி தாஜ்மகால், மைசூர் சந்தனப் பெட்டி... நாங்கள் போய் வந்த ஊரெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டுவது என் வேலை. உண்மையைச் சொன்னால், எதை எந்த வருஷம் வாங்கினோம் என்றே எனக்கு மறந்துபோச்சு!

என் பீரோவைத் திறந்தால் கதையே வேறு. குலு சால்வையை எடுத்தால் மலைக் குளிர் வந்துவிடும். ஜெய்ப்பூரில் என் கண்ணெதிரே அரக்கை உருக்கி, என் கை அளவுக்குச் செய்து போட்டுவிட்ட வளையலைத் தொட்டால் அந்த அடுப்புச் சூடு இன்னும் இருக்கிற மாதிரி தோன்றும். போகிற ஊரில் அந்த ஊர்ப் பெண்கள் உடுத்துவதை, பூட்டிக்கொள்வதை ஒன்றே ஒன்று வாங்கி வருவது என் வழக்கமாகிவிட்டது. இதை ஆரம்பித்து வைத்தது ஒரு புடவை. அந்தக் கதையில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

2010 ஜனவரியில் எல்.டி.சி. எடுத்துக்கொண்டு குஜராத் போனோம். மும்பையில் நாத்தனார் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு, சாயங்காலம் ரயில் ஏறினோம். மறுநாள் காலை புஜ். கட்ச் மாவட்டத்தின் தலைநகர். 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலையில் வந்த பூகம்பம் புரட்டிப் போட்ட ஊர் அது. நாங்கள் போனபோதும் பழைய நகரத்தில் விரிசல் விட்ட சுவர்கள் அங்கங்கே நின்றன.

எல்லாரும் பார்க்கும் உப்புப் பாலைவனத்தை நாங்களும் பார்த்தோம். நிலா வெளிச்சத்தில் பாலைக் கொட்டின மாதிரி இருந்தது. ஆனால் என் மனசு நின்றது அங்கே இல்லை, ஒரு வீட்டுத் திண்ணையில்.

ஆட்டோக்காரர்தான் அழைத்துப் போனார். "கடையில வாங்காதீங்க பஹன்ஜி, செய்யற இடத்தைப் பாருங்க" என்றார். என் வயசுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கு. முழங்காலில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுண்டுவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தாள். துணியில் காவி நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கோலம் போல் அச்சு. ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் அடியிலிருந்து தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றி, நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போனாள். மிளகு அளவுகூட இல்லை ஒரு முடிச்சு.

இதுதான் பாந்தனி. முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. முதலில் வெள்ளையாக இருக்க வேண்டிய புள்ளிகளைக் கட்டி மஞ்சளில் முக்குவார்கள். பிறகு மஞ்சளாக நிற்க வேண்டியதைக் கட்டி சிவப்பில் முக்குவார்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிப்பது கணக்கு. நெருக்கமான வேலை என்றால் ஒரு புடவைக்குப் பல ஆயிரம் முடிச்சுகள். மாசக்கணக்கில் ஆகும். சமையல், பிள்ளை, ஆடு மாடு எல்லாவற்றுக்கும் நடுவே பெண்கள் வீட்டிலிருந்தே போடும் முடிச்சு அது.

அந்த அம்மாள் முடிந்துபோன ஒரு புடவையைக் கொண்டுவந்து காட்டினாள். ஐந்தரை மீட்டர் புடவை, முடிச்சோடு சுருங்கிக் கைப்பிடிக்குள் அடங்கியது. ஒரு முனையை மகளிடம் கொடுத்து, இவள் மறுமுனையைப் பிடித்து, குறுக்காக ஒரு இழு இழுத்தாள். படபடவென்று முடிச்சுகள் தெறித்தன! சிவப்பில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் மலர்ந்தன.

அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எங்கேயோ பார்த்தது. எங்கேயோ என்ன, எங்கள் வீட்டில்தான்!

1986ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு மருமகளாக வந்தேன். வந்த ஆறாம் மாசம், தெருவில் பாத்திரக்காரி வந்தாள். பழைய துணிக்கு எவர்சில்வர். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் நைந்துபோன சுங்குடிச் சேலைகள் மூன்று கிடந்தன. வீட்டைச் சீராக வைத்துக்கொள்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. மூன்றையும் போட்டு ஒரு தூக்குவாளி வாங்கினேன். அத்தை வந்து பார்த்தார்கள். ஒரு நிமிஷம் பேசவில்லை. "தூக்கு கனமா நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி லாட்ஜிலிருந்து அத்தைக்கு போன் போட்டேன்.

"அத்தை, சுங்குடிக்கும் இப்படித்தான் முடிச்சுப் போடுவாங்களா?"

"பின்னே? பக்கத்து வீட்டு சௌராஷ்டிரப் பாட்டிகிட்ட கத்துக்கிட்டு நானே போட்டிருக்கேனே. கல்யாணத்துக்கு முன்னால அதுல வந்த கூலியிலதான் அம்மாவுக்கு மருந்து வாங்குவோம்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அப்போ... அந்த மூணு சேலை?"

"அதுல ஒண்ணு நான் போட்ட முடிச்சு. விடும்மா. உனக்கு என்ன தெரியும்? நானும் சொல்லலை."

குஜராத்திலிருந்து புறப்பட்டு வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்த சௌராஷ்டிர மக்கள்தான் இந்தக் கைவேலையை நம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 2005ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. வீட்டுப் பெட்டிக்குள் இருந்த சொத்தின் அருமை தெரிய, நான் ரயிலேறி அரபிக்கடல் ஓரம் வரை போகவேண்டியிருந்தது பாருங்கள்!

மறுநாள் அதே திண்ணைக்குப் போய் ஒரு புடவை கேட்டேன். "முடிச்சை அவிழ்க்காமலே கொடுங்க" என்றேன். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். இழுத்துக் காட்டாமல் வாங்குகிறவள் தன்னை நம்புகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ.

தோழிகளே, நீங்களும் இப்படி வாங்க நினைத்தால் சில விஷயங்கள். செய்கிற இடத்திலேயே வாங்கப் பாருங்கள். புஜ்ஜுக்குப் பக்கத்தில் புஜோடி கிராமத்தில் கம்பளிச் சால்வை நெய்கிறார்கள். அஜ்ரக்பூரில் அவுரி நீலமும், பழைய இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுக்கும் கறுப்பும் கொண்டு மர அச்சு குத்துகிறார்கள். இந்த அஜ்ரக்பூரே, பூகம்பத்துக்குப் பிறகு பழைய ஊரின் தண்ணீர் சாயத்துக்கு ஒத்துவராமல் போனதால் புதிதாக உண்டான ஊர்.

பாந்தனியோ சுங்குடியோ, கைமுடிச்சில் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. துணி லேசாகச் சுருக்கம் விழுந்திருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக, துணி வழவழவென்று இருந்தால் அது பிரிண்ட். பிரிண்ட் தப்பில்லை, விலைதான் பிரிண்ட் விலையாக இருக்கவேண்டும். பருத்தியானால் முதல் இரண்டு மூன்று தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். அழுத்தி இஸ்திரி போட்டால் சுருக்கத்தின் அழகு போய்விடும். பிளாஸ்டிக் பையில் வைக்காமல், பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். முக்கியமாக, எடுத்து உடுத்துங்கள்!

மதுரை வந்ததும் புடவையை அத்தை மடியில் வைத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடிச்சுகளைத் தடவினார்கள். "நம்மளை விட நெருக்கமா போட்டிருக்கா" என்று ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தோம். நூல் கூடமெல்லாம் சிதறியது. தலைப்பு ஓரம் வந்தபோது அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இந்தக் கடைசி வரிசை இருக்கட்டும். எல்லாத்தையும் அவுத்துட்டா ஒருத்தி உக்காந்து போட்டான்னு யாருக்குத் தெரியும்?"

அத்தை போய்ப் பத்து வருஷமாகிறது. புடவை இப்போது என் மகளிடம் இருக்கிறது. பண்டிகைக்குக் கட்டிக்கொள்கிறாள். அந்தக் கடைசி வரிசை முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தத் தூக்குவாளியும் இருக்கிறது, என் அடுக்களையில். அதில் மோர் ஊற்றும்போதெல்லாம் எனக்கு ஒரு சேலை ஞாபகம் வரும்.