கொடிவழி தேடி

போன ஆண்டு சாவகச்சேரிக்குப் போயிருந்தபோது, கனடாவில் வளர்ந்த என் மருமகன் ஒரு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: "மாமா, உங்கட அப்பப்பாவுக்கு அப்பா யார்?" அப்பப்பாவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேலே நா எழவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில்தான் நான் வேறொருவருடைய கொடிவழியைத் துருவிக்கொண்டிருந்தேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழிலேயே ஆங்கில மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனுடையது. 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலான நூல்களைத் தமிழுக்குத் தந்தவர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் அவர் எந்த வீட்டுப் பிள்ளை?

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்ற பண்ணைவீட்டில் 1822இல் பிறந்தார். தந்தை வில்லியம் ஒரு வழக்கறிஞர். பாட்டனார் ஜோன் கிறீன் வைத்தியர். பூட்டனார் தோமஸ் கிறீன் (1699–1773) வைத்தியரும் போதகருமாக ஒருசேர வாழ்ந்தவர். மானிப்பாயில் பேரப்பிள்ளை செய்ததும் அதே இரட்டைத் தொழில்தானே! தமையன் அன்ட்ரூ, நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக முன்னின்றவர். 1898இல் பெருநகரம் ஒன்றிணையவும் காரணமானவர். 1903இல், ஆள் மாறாட்டத்தால், தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பெரியப்பாவின் மகன், அவரும் ஜோன் கிறீன்தான், அவரும் வைத்தியர்தான், தம் புத்தகங்களை ஊருக்குக் கொடுக்க, 1859இல் வூஸ்டர் பொது நூலகம் எழுந்தது. இந்த வரியை எழுதும்போது 1981இல் எரிந்த நம் நூலகம் நினைவுக்கு வராமல் போகுமா?

எல்லாம் பதிவாக இருக்கிறது. எத்தனை பேரப்பிள்ளைகள், எந்தக் கல்லறை, எல்லாம். 1873இல் ஊர் திரும்பி 1884இல் மறைந்த கிறீனின் கல்லறையில்கூடத் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே பொறித்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டகம் இருந்தது. காணி உறுதிகள், சாதக ஓலைகள், ஆச்சியின் கையெழுத்தில் பிறப்பு இறப்புக் குறிப்புகள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி தரைமட்டமானபோது வீட்டோடு அதுவும் போயிற்று. உறுதிகளின் பிரதியையாவது காணிப் பதிவகத்தில் தேடலாம். ஆச்சியின் குறிப்புகளை எங்கே தேடுவது?

மறுநாள் மருமகனை மீசாலையில் இருக்கும் பெரியம்மாவிடம் அழைத்துப் போனேன். தொண்ணூறைத் தாண்டியவர். பூட்டனாரின் பெயரைக் கேட்டோம். நெடுநேரம் யோசித்தார்.

"பேர் தெரியாதடா தம்பி. பரியாரியார் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். பாம்புக்கடிக்கு அவரிட்டத்தான் வருவினமாம்."

மருமகன் கொப்பியில் எழுதிக்கொண்டான்: பரியாரியார். பெயருக்கு இடம் விட்டிருந்தான்.