லகாட் சாலையில் ஒரு டயர் கணக்கு

ஈப்போவிலிருந்து மெங்லெம்பு வழியாக லகாட்டுக்குப் போகும் சாலையில் இரண்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஒன்று கச்சான், இன்னொன்று டயர் கடை. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்தால் வளர்ந்த ஊர்களில் லகாட்டும் ஒன்று. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் லம்பங்கள் மூடப்பட்டன. மிஞ்சியவை குட்டைகளும் மணல்மேடுகளும்தான். லகாட்டைத் தாண்டினால் பூசிங், பிறகு பத்து காஜா. நடுவில் பாப்பான் பக்கம் திரும்பினால் 74ஆம் எண் கடைவீடு இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு எதிர்ப்புப் படையினருக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்த வீடு அது. போகிறவர்கள் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

என் அம்மா பிறந்த தோட்டம் பத்து காஜா பக்கம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல வருஷமாகிறது. லயங்கள் இல்லை, பிரட்டுக் களம் இல்லை. முனீஸ்வரர் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சிதறிப்போன சனமெல்லாம் அங்கே கூடும். பெரிய சாலையிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் செம்மண் தடம். பழக்குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடி இரு பக்கமும் பள்ளமாகி, நடுவில் முதுகுபோல மேடு எழுந்திருக்கிறது. போன வருஷம் திருவிழாவுக்கு முதல் நாள் இரவு நல்ல மழை. எங்கள் பிக்கப்பின் அடிவயிறு அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டது. அம்மாவுக்கு 78 வயது, பெரியம்மாவுக்கு அதற்கும் மேல். சேற்றில் அவர்களை நடக்கவைக்க முடியாது. வண்டியைப் பின்னால் இழுத்து, பொங்கல் பானையோடு திரும்பினோம். “அடுத்த வருஷம் இருந்தா பார்ப்போம்” என்றார் பெரியம்மா.

அதனால் இந்த வருஷம் பெரிய டயர் போடுவது என்று முடிவானது. ரிம் மாற்றக் காசு இல்லை. வண்டியோடு வந்த ரிம்மிலேயே எவ்வளவு பெரிசு போடலாம் என்பதுதான் கேள்வி. மாமா மகன் நேராக 33 அங்குலத்துக்குத் தாவினான். அவனுக்குப் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருந்தால் போதும்.

லகாட் சாலையில் நாங்கள் போன கடையின் தவுக்கே அவசரப்படாதவர். ரிம்மைக் கழற்றித் திருப்பி உள்பக்கம் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்: 17 விட்டம், ஏழரை அகலம். பழைய டயர் 265/65 ஆர் 17, பல பிக்கப்புகளுக்குத் தொழிற்சாலையிலிருந்தே வரும் அளவு. 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவிகித உயரம் என்பது. கணக்குப் போட்டால் முழு உயரம் 776 மில்லிமீட்டர். மாமா மகன் கேட்ட 285/70 என்றால் 831. இடைப்பட்ட 265/70 என்றால் 803.

ஏழரை ரிம்மில் 285 உட்காரும். ஆனால் அந்த அகல டயருக்கு அதுதான் குறைந்தபட்ச ரிம். ரிம் உட்கார்ந்தால் போதுமா? ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயரின் தோள் உள்பக்க பிளாஸ்டிக்கிலும், சக்கரக்குழியின் பின்புறத்தில் பாடியைத் தாங்கும் இரும்பிலும் உரசும். அதற்கு வண்டியைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் எதையாவது வெட்ட வேண்டும். “அப்புறம் ஜேபிஜே, இன்சூரன்ஸ் எல்லாம் நீங்கதான் பதில் சொல்லணும்” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். மாமா மகன் அடங்கினான்.

இன்னொரு கணக்கு எனக்கே ஆச்சரியம். டயர் 27 மில்லிமீட்டர் வளர்ந்தால் அச்சு உயர்வது அதில் பாதி, 13தான். ஒரு விரல் தடிமன். இதற்கா ஆயிரக்கணக்கில் செலவு என்று தோன்றியது. தவுக்கே பழைய டயரின் வரிகளைக் காட்டினார். நெடுஞ்சாலை வரிகள், பாதி தேய்ந்தவை. செம்மண் ஒட்டினால் வழுவழுப்பாகிவிடும். வரி கழன்றால் சக்கரம் சுழலும், சுழன்றால் பள்ளத்தில் தோண்டும், தோண்டினால் வயிறு மேட்டில் உட்காரும். ஆகவே விரல் தடிமனோடு, ஏ.டி. எனும் சாலைக்கும் சேற்றுக்கும் பொதுவான வரியும் வேண்டும். முழுச் சேற்று டயர் எங்களைப் போல வாரம் முழுக்கத் தார்ச்சாலையில் ஓடுகிறவர்களுக்குத் தலைவலி, அதன் இரைச்சலில் பாட்டுகூடக் கேட்காது.

265/70இல் ஐந்து வாங்கினோம். ஐந்தாவது உபரி. நாலு சக்கரமும் இழுக்கும்போது ஒன்று மட்டும் சிறிசாக இருந்தால் கியர்ப்பெட்டி அவதிப்படும். பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தையும் படித்தேன். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. மலிவு என்று பழைய சரக்கை எடுக்கக்கூடாது. சுமை எண்ணும் பழையதற்குக் குறையக்கூடாது.

அம்மா ஒரு டயரைத் தடவிப் பார்த்து, “இதுல நம்ம பாலும் இருக்குமாடா?” என்று கேட்டார். 14 வயதில் பால் வெட்டப் போனவர். கோலகங்சாரில் 1877இல் நட்ட முதல் கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை இது. சுமை டயர்கள் சூட்டைத் தாங்க இன்றும் இயற்கை ரப்பர் வேண்டும். ஆனால் நம் நாடே இப்போது வெளியிலிருந்து ரப்பர் வாங்குகிறது. “இருக்கும்மா” என்றேன்.

மாட்டியபின் ஒரு முன்சக்கரத்தைத் திட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஒடித்துப் பார்த்தோம். சேற்றுத் தடுப்பில் லேசாக உரசியது. அதைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளித் திருகியதும் சரியானது. உபரி டயர் வண்டிக்கு அடியில் சிரமப்பட்டுத்தான் ஏறியது. வேகமானி 100 காட்டும்போது சக்கரக் கணக்கில் 103க்கு மேல். மேடேறும்போது இஞ்சின் கொஞ்சம் சோம்பல், எண்ணெயும் சற்றுக் கூட. பிரேக்குக்கு முன்பைவிடத் தூரம் விட்டு ஓட்டுகிறேன்.

திருவிழாவன்றும் மழைதான். தோட்ட வாசலில் காற்றை 220 கேபிஏவிலிருந்து 140க்கு இறக்கினேன். டயர் பரந்து மிதிக்கும். சாதா ரிம்மில் இன்னும் கீழே இறக்கினால் டயர் விளிம்பு கழன்றுவிடும். போன வருஷம் நின்ற மேட்டில் நடுவில் போகாமல், ஒரு சக்கரத்தை மேட்டின்மேல் ஏற்றி மெதுவாக விட்டேன். அடியில் ஒரு முறை தட்டியது. பின்சீட்டில் பெரியம்மா பானையை மடியில் கட்டிப் பிடித்திருந்தார்.

கோயில் முன் இறங்கியதும் அம்மா டயரைப் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை. இடதுபக்கம் செம்பனை வரிசையைக் காட்டி, “அங்கதான் எங்க லயம், மூணாவது வீடு” என்றார். பெரியம்மா, “நாலாவது” என்றார். பொங்கல் பொங்கும்வரை அந்த வழக்கு தீரவில்லை.