செப்டம்பர் வரிசையில் நிற்கப்போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆகஸ்டில் வந்து இறங்கும் நம் பிள்ளைகளில் பலர், "முதல் செமஸ்டர் முடியட்டும், அப்புறம் வேலை தேடலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். இங்கே அப்படி இருக்க முடியாது கண்ணுகளா. அடுத்த கோடையின் இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய நிறுவனங்கள் பல ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகின்றன. நிறுவனங்கள் நேரில் வந்து ஆள் தேடும் கேரியர் ஃபேரும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அப்போதுதான். வீடு பிடித்து, வங்கிக் கணக்கு தொடங்கி நிமிர்வதற்குள் அது வந்துவிடும். அதனால் ஊரில் விமானம் ஏறும் முன்பே ரெஸ்யூமே தயாராக இருக்கட்டும். ஒரே பக்கம் போதும். புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர் எதுவும் வேண்டாம்.

என் வீட்டுக்கு வரும் மாணவர்களிடம் ரெஸ்யூமேயை வாங்கிப் பார்ப்பேன். "பயிர் நோயைக் கண்டறியும் செயலி உருவாக்கப்பட்டது" என்று ஒரு பெண் எழுதியிருப்பாள். நாலு பேர் சேர்ந்து செய்த ஃபைனல் இயர் புராஜெக்ட். அதில் நீ என்னம்மா செய்தாய் என்று துருவினால்தான் விஷயம் வெளியே வரும். வயலில் இறங்கி இலைகளைப் படம் எடுத்தது அவள். வெளிச்சம் குறைந்த படங்களில் மாடல் தடுமாறுவதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததும் அவள். தயங்கித் தயங்கிச் சொல்வாள். ரெஸ்யூமேயில் இருக்க வேண்டியதே அதுதானே! தம்பட்டம் அடிக்காதே என்று சொல்லி உங்களை வளர்த்தோம், நல்ல வளர்ப்புதான். ஆனால் செய்ததைச் செய்தேன் என்பது தம்பட்டம் ஆகாது. எதிரே நிற்பவருக்கு நீங்கள் யாரென்று வேறு எப்படித் தெரியும்?

கேரியர் ஃபேரில் வரிசையில் வெகுநேரம் நின்று ரெக்ரூட்டர் முன்னால் போனால் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம். மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். ரூம்மேட்டிடம் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். கூட்டமில்லாத சிறு நிறுவனங்களின் மேசைக்கு முதலில் போங்கள். பயம் அங்கே தெளிந்துவிடும். நல்ல வேலை அங்கேயும் இருக்கிறது; நம் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

விண்ணப்பங்களில் ஒரு கேள்வி வரும்: இப்போதோ பின்னாளிலோ விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா? "இல்லைன்னு போட்டுடு" என்று சொல்லும் சீனியர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். படிப்பு முடிந்தபின் ஓபிடி எனும் வேலை அனுமதியில் 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பென்றால் மேலும் 24 மாதம் வேலை செய்யலாம். அதற்குப் பிறகும் தொடரப் பெரும்பாலோருக்கு நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்போடு எச்-1பி விசா வேண்டும். அதன் ஆண்டு வரம்பு 65,000. இங்கே முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. ஆகவே உண்மையான பதில் "ஆம்" என்பதே. நேரில் பேசும்போது, ஸ்டெம் படிப்பென்றால் மூன்று ஆண்டுகள் வரை ஸ்பான்சர்ஷிப் இல்லாமலே வேலை செய்ய வழியுண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறு நிறுவனங்களில் பலருக்கு அது தெரியாது. முதல் 12 மாத ஓபிடியில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. கடைசிக் கல்வியாண்டு தொடங்கும்போது வரும் செப்டம்பரையும் நழுவவிடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டால் சந்தோஷத்தில் நேரே வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். படிக்கும்போதே வேலை செய்வதற்கான சிபிடி அனுமதி, பல்கலைக்கழகம் தரும் உங்கள் ஐ-20 ஆவணத்தில் பதிவாக வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்தவர்களுக்கே அது கிடைக்கும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல், சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.