தோணிக்கரையில் ஒரு பாடவேளை

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'பாய்மங்கள்' என்றொரு பாடம் உண்டு. மிதத்தல் விதிகள் அதில்தான் வருகின்றன. தூத்துக்குடிப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை, அந்தப் பாடத்துக்காகப் பிள்ளைகளைத் தோணி பழுதுபார்க்கும் கரைக்கு அழைத்துப் போகிறார் என்று கேள்விப்பட்டு நானும் ஒட்டிக்கொண்டேன். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தோணிகள் ஓடாது. மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் சிமெண்டும் சுமந்துபோகிறவை அப்போதுதான் மராமத்துக்குக் கரையேறும்.

"பிளான் எங்க தாத்தா?" என்றான் ஒருவன். தோணி கட்டும் தச்சரான ஓடாவி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

தோணியின் அடிமரமான ஏராக்கட்டையிலிருந்து விலா எலும்புபோல் எழும்பும் வங்குகள் கருவேல மரம். இயற்கையாகவே வளைந்த கிளைகளைத் தேடி வாங்குகிறார்கள். நேர்மரத்தை வளைவாக அறுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டான் ஒரு பையன். அவர் பதில் சொல்லவில்லை. கிடந்த சிராய்களில் இரண்டை எடுத்துக் கொடுத்தார்: ஒன்றில் நார் நீளவாட்டில் ஓடியது, மற்றதில், வளைவாக அறுத்த மரத்தில்போல, குறுக்கே அறுபட்டிருந்தது. குறுக்கே அறுபட்டது பையன் கையில் பட்டென்று முறிந்தது. இன்னொன்று வளைந்ததோடு சரி.

பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளிவைத்து அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவதுதான் கலப்பற்று. ஆசிரியை இங்கே கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டார். ஓடாவிக்கு இரண்டு வாக்கியம் போதுமாக இருந்தது: "தண்ணியில எறங்குனாத்தான் பலகை ஊதி பஞ்ச இறுக்கும். கரையிலயே காயவிட்டா வாயப் பொளந்துரும்."

அடுத்தது சோதனை. மணல் போட்டு நிமிர்ந்து மிதக்கும்படி செய்த பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு வாளி. ஒன்றில் கடல்நீர், மற்றதில் கேனில் வாங்கிய நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரில் 20 சென்டிமீட்டர் அமிழ்ந்த பாட்டில், கடல்நீரில் அரை சென்டிமீட்டர் மேலே நின்றது. ஒரு கனமீட்டர் நன்னீர் 1000 கிலோ, கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோ. சரக்கோடு 200 டன் எடையுள்ள தோணி நன்னீரில் 200 கனமீட்டர் நீரை விலக்கும், கடலில் 195 போதும். பிள்ளைகள் கணக்கைத் தரையிலேயே கரிக்கட்டியால் போட்டார்கள். கப்பல்களின் பக்கவாட்டில் நன்னீருக்கும் கடல்நீருக்கும் தனித்தனிப் பாரக்கோடு இருப்பது இதனால்தான். அளவுமீறி ஏற்றிய கப்பல்கள் மூழ்குவதைக் கண்டு சாமுவேல் பிளிம்சால் போராடியதில், 1876இல் பிரிட்டன் பாரக்கோட்டைச் சட்டமாக்கியது.

பக்கத்தில் பீடியோடு உட்கார்ந்திருந்த பழைய தண்டல் (தோணித் தலைவர்) ஒருவர் குறுக்கிட்டார். "எவ்வளவு ஏத்தலாம்னு மட்டும் படிச்சாப் போதுமா? எங்க ஏத்தணும்?" பாட்டிலிலிருந்த மணலைக் கொட்டச் சொன்னார். வெறும் பாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. கனமான சரக்கு அடியில் போவதும், காலியாகத் திரும்பும் தோணியில் மணலோ கல்லோ நிரப்புவதும் இதற்காகத்தான். அன்றைக்கு நடந்த மிக நல்ல பாடம் இதுதான் என்பேன். பாடத்திட்டத்தை அறியாத ஒருவர் நடத்தியது.

அறிவியல் சுற்றுலா என்ற பெயரில் வரிசையாக நிற்கவைத்துப் புகைப்படம் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் கையில் அளக்க ஏதாவது இருக்க வேண்டும், கேட்க ஆள் இருக்க வேண்டும். கடலோரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பதினைந்து பேருக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள். ஓடாவி வேலையை நிறுத்திவிட்டுத்தான் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார். அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.