புலம்பல் சங்கம்

காலை ஆறரை மணிக்கு எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் எதிரில் உள்ள சிமெண்டு பெஞ்சில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள். சர்க்கரை, முழங்கால், பேரன் வேலை என்று ஆரம்பிக்கும் பேச்சு, பால்காரர் வருவதற்குள் தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்று ஊர்வலம் போய்விடும். யாரும் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. ஒருவர் ஒரு குறை சொன்னால் அடுத்தவர் அதைவிடப் பெரிய குறையாகச் சொல்ல வேண்டும், அதுதான் அங்கே மரபு.

என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர்தான் மேலே தலைப்பில் இருப்பது. ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, இத்தனை வருஷமா பேசறீங்களே, ஊர்ல ஒரு பல்பாவது மாறியிருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் முப்பத்திரண்டு வருடம் உத்தியோகம் பார்த்தது ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில். வருகிற மனுக்களைப் பிரித்து, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, உரிய பிரிவுக்கு அனுப்புவது என் வேலை. "எங்கள் ஊரில் எதுவுமே சரியில்லை, அதிகாரிகள் தூங்குகிறார்கள்" என்று நான்கு பக்கம் எழுதியிருந்தால் அது எந்தப் பிரிவுக்கும் சேராது. கடைசியில் கட்டோடு கட்டாகப் போய்விடும். "இன்ன தெருவில், இன்ன கம்பத்தில், இன்ன தேதியிலிருந்து விளக்கு எரியவில்லை" என்று தபால் கார்டில் மூன்று வரி இருந்தால், யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆகவேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பெஞ்சில் உட்கார்ந்தால் நானும் நான்கு பக்கக்காரன்தான்.

2022-ஆம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்கு முன்னதாக, மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. எங்கள் தெருக் குழாயில் மட்டும் காற்று வருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுவார்கள். எங்கள் தெரு கடைக்கோடி. ஐந்து குடம் பிடிப்பதற்குள் நூலாக இறங்கி நின்றுவிடும்.

பெஞ்சில் இதே பேச்சு. மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பையன்மீது எல்லோருக்கும் கோபம். "வால்வைத் திறந்துட்டு டீக்கடைல உக்காந்துடறான்" என்றார் மேனேஜர். (வங்கி மேலாளராக இருந்தவர். இன்றும் எங்களுக்கு அவர் மேனேஜர்தான்.) நான் உற்சாகத்தில் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். "தொட்டி ஆபரேட்டரின் அலட்சியம்" என்று என் கையாலேயே எழுதினேன். பத்து நாளில் வந்துவிட்டது. டீக்கடையில் அன்று என் டீக்கு மேனேஜர் காசு கொடுத்தார். எனக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேன், நாற்பது வயது இருக்கும். "உள்ள வாங்க தம்பி" என்றேன். வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"சார், என்னைப் பத்திப் பேப்பர்ல போட்டீங்களாமே. வேலையை விட்டு எடுத்துடுவோம்னு சொல்றாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவன் போடவில்லை.

என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினான். முப்பதாயிரம் லிட்டர் தொட்டி. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும். அதற்காக விடியற்காலை நான்கு மணிக்கு வந்து காத்திருக்கிறான். மாதச் சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை. பிறகு தெருக்களில் நடந்தோம். "இங்க சத்தம் கேக்குதா சார்?" என்றான். ஒரு காம்பவுண்டுக்குள் மோட்டார் உறுமும் சத்தம். ஊராட்சிக் குழாயிலேயே நேரடியாக அரை எச்.பி. மோட்டாரைப் பொருத்தித் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற வழியில் மட்டும் அப்படி ஒன்பது வீடுகள். அதில் ஆறாவது வீடு மேனேஜருடையது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வருடம் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வரவில்லை என்று பேசியிருக்கிறேன். அவரும் என்னோடு சேர்ந்து பேசியிருக்கிறார். அந்தப் பையனை மட்டும் நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

முதல் வேலையாக, முந்தைய கடிதத்தில் எழுதியது தவறு என்று அதே பத்திரிகைக்கு எழுதினேன். அது அச்சாகவில்லை. அதன் நகலை ஊராட்சித் தலைவரிடம் நேரில் கொடுத்தேன்.

அடுத்து கிராம சபை. 1994-ஆம் வருட ஊராட்சிச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு இது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்ததை, அந்த 2022-இல்தான் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறாக்கினார்கள். மேடையில் பேசுகிறவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஆனால் கோரம் சேர்வதற்குள் நாக்குத் தள்ளிவிடும். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்த கூட்டங்களை நானே பார்த்திருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

இந்த முறை என் மனைவி ஒரு காரியம் செய்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கம் கணக்கு எழுதினாள். எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை குடம். பக்கத்துத் தெருப் பெண்கள் நான்கு பேரையும் எழுத வைத்தாள். பதினைந்து நாள் கணக்கு. குடத்தைத் தூக்குகிறவர்களுக்குத்தானே அதன் கணக்கு தெரியும்? நாங்கள் பெஞ்சில் இருந்தபடி "தண்ணியே வரல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கூட்டத்துக்கு முதல்நாள் மேனேஜர் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் காபியைக் குடித்து முடித்தேன். பிறகு சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஊர்ல எல்லாரும்தான் போட்டிருக்கான். என்னை மட்டும் சொல்ல வந்துட்டீரா?" என்றார். எல்லோரும் போடவில்லை, ஒன்பது வீடு என்றேன். நாளைக்கு யார் பெயரையும் சொல்ல மாட்டேன், ஆனால் மோட்டார்களை எடுக்கத் தீர்மானம் கேட்பேன் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 2 கூட்டத்தில் சத்தத்துக்குக் குறைவில்லை. என் மனைவி எழுந்து காலண்டர் தாள்களைப் பார்த்து வாசித்தபோது கொஞ்சம் அடங்கியது. கடைக்கோடித் தெருக்களுக்குத் தனி கேட் வால்வு, குழாயில் பொருத்திய மோட்டார்களை அகற்றுவது, ஆபரேட்டருக்குச் சம்பள பாக்கி என்று மூன்று தீர்மானம். வால்வு வந்தது, பொங்கலுக்குப் பிறகு. மோட்டார்களில் ஏழு போயின, இரண்டு இன்றும் இராத்திரியில் உறுமுகின்றன. பாக்கியில் இரண்டு மாதச் சம்பளம் வந்ததாக அந்தத் தம்பி சொன்னான். இப்போது எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு குடம் கிடைக்கிறது.

மேனேஜர் வீட்டு மோட்டார், கூட்டம் முடிந்த வாரமே போய்விட்டது. அவரும் பெஞ்சுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கோயிலில் எதிரே பார்த்தால் சந்நிதியைச் சுற்றிக்கொண்டு போவார். ஐந்து குடம் பன்னிரண்டு ஆனதற்கு ஒரு சிநேகிதத்தைக் கொடுத்தேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். புலம்பிக்கொண்டே இருந்திருந்தால் எல்லோரும் சிநேகிதர்களாகவே இருந்திருப்போம். அதுவும் உண்மைதான்.

போன மாதம் ஒருநாள் காலையில் அவராகவே வந்து, பெஞ்சில் பழைய இடத்தில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, காலை டவுன் பஸ் சரியாகவே வருவதில்லை என்று ஆரம்பித்தார். ஆமாம், ஆமாம் என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் டிரைவரைத் திட்டினார். இன்னொருவர் டிப்போவைத் திட்டினார்.

"அது எத்தனை மணிக்கு வரவேண்டிய பஸ்?" என்று கேட்டேன்.

ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.