கரையில் நிற்கும்போது 'கரை' என்றால்

குளம் கரை விளையாட ஒரு சாக்பீஸ் துண்டு போதும். அதுவும் இல்லையென்றால் காலாலேயே மண்ணில் ஒரு கோடு இழுத்துக்கொள்ளலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் குளம். சொல்கிறவர் 'குளம்' என்றால் உள்ளே குதிக்க வேண்டும். 'கரை' என்றால் திரும்பக் குதிக்க வேண்டும். கரையில் நிற்கும்போதே மறுபடியும் 'கரை' என்றால் அசையக் கூடாது. அங்கேதான் பாதிப் பேர் அவுட்டாவார்கள்.

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் நானும் தன்னார்வலராக இருந்தேன். எங்கள் தெரு மண்டபத்தில் மாலை வகுப்பு. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதுவரை பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. ஓரிடத்தில் உட்காரவே வராது. பாடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் குளம் கரை ஆடவைப்பேன்.

அதில் ஒரு பையன். 'குளம், கரை, கரை' என்று நான் முடிப்பதற்குள் அவன் கால் கட்டைவிரல் கோட்டைத் தாண்டியிருக்கும். இடுப்பை மட்டும் பின்னால் வளைத்து, கைகளைக் காற்றில் துழாவி, விழாமல் நிற்கப் பார்ப்பான். தினமும் முதல் அவுட் அவன்தான். பிறகு தூணோரம் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவளின் பின்னலை இழுப்பான். அவனைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் புரிந்தது: யாருக்கு இந்த விளையாட்டு ரொம்ப வேண்டுமோ, அவர்களைத்தான் அது முதலில் வெளியே அனுப்புகிறது.

அவுட்டை எடுத்துவிட்டேன். தப்பாகக் குதித்தவர் என் இடத்துக்கு வந்து அடுத்த ஆட்டத்துக்குக் குரல் கொடுக்க வேண்டும். அவன் குரல் கொடுத்த அழகை மறக்க முடியாது. எல்லாரையும் ஏமாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். காலால் முடியாத பொறுமை அவனுக்கு வாயில் வந்தது. கொஞ்ச நாளில் காலுக்கும் வந்தது.

இதைப் பற்றிப் பின்னால் தேடிப் படித்தேன். குழந்தை தன்னைத்தானே மிக அதிகமாக அடக்கிக்கொள்வது விளையாட்டில்தான் என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-லேயே பேசியிருக்கிறார். அமெரிக்காவில் ஷானா டோமினியும் மேகன் மெக்லெலண்டும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 65 மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இப்படிப்பட்ட விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நிறத்தைக் காட்டினால் நகர வேண்டும், இன்னொன்றைக் காட்டினால் நிற்க வேண்டும். பழகியதும் விதியைத் தலைகீழாக்கிவிடுவார்கள். தொடக்கத்தில் சுயக்கட்டுப்பாடு குறைவாக இருந்த பிள்ளைகள்தான் அதில் நன்றாக முன்னேறினார்கள். நானும் தலைகீழாக்கிப் பார்த்தேன். 'குளம்' என்றால் கரை. முதல் நாள் ஒரே கூச்சல். எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள்.

சொன்னதைச் செய்யப் பழக்கும் விளையாட்டு என்று இவற்றைச் சிலர் பாராட்டுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சொன்னதைக் காதில் வாங்கி, குதிக்கத் துடிக்கும் காலைத் தானே பிடித்து நிறுத்துகிற வேலை முழுக்கக் குழந்தையுடையது.

மண்டபத்துக்கு வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் அவுட்டை விடவில்லை. "அவுட் இல்லாம என்னக்கா கேம் இது?" என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டாமா? கடைசி ஆட்டத்துக்கு மட்டும் அவுட் உண்டு என்று பேசி முடித்தோம்.