பாப்பாவின் சைக்கிளில் அக்கா

போன மாதம் தருமபுரிக்குப் போயிருந்தபோது, பெரியம்மா மகள் சைக்கிளில் எதிரே வந்தார். ப்ளஸ் ஒன் படிக்கும் அவர் மகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் அது. பள்ளிக்கூடம் அஞ்சு நிமிஷ நடைதான் என்பதால் பாப்பா அதைத் தொடுவதே இல்லை. ''சும்மா நின்னு துருப்பிடிக்கிறதுக்கு, நான் ரேஷன் கடைக்காச்சும் போவேன்ல தம்பி'' என்றார்.

அக்காவும் அதே பள்ளிதான். 2004-ல் பத்தாவதில் 412 மார்க். அப்போது அது உயர்நிலைப் பள்ளி, பத்தோடு சரி. ப்ளஸ் ஒன்னுக்கு டவுனுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் இருபதே நிமிஷம். ஆனால், வயசுப் பெண்ணை பஸ் ஏற்றி அனுப்ப பெரியப்பா சம்மதிக்கவில்லை. மூணு வருஷம் தக்காளித் தோட்ட வேலை, பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். எங்கள் பக்கம் பதினெட்டு வரை காத்திருந்ததே பெரிய விஷயம். 2011 சென்சஸில் 68.54 சதவிகித எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே கடைசியில் இருந்த மாவட்டம் எங்களுடையது.

பிறகு ஊர் மாறியது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள் இங்கே பிளாட் வாங்கி வீடு கட்டினார்கள். பள்ளியில் பிள்ளைகள் பெருகினார்கள். மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த, ஊர் மக்கள் பங்காக 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வசூலுக்குப் போனவர்களில் பெரியப்பாவும் ஒருவர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இப்போது இடம்தான் பிரச்னை. லேபிலும் வகுப்பு நடக்கிறது. இன்டர்வெல் மணி அடித்தால் பெண்கள் கழிவறை முன்னால் நீள வரிசை. அதற்குப் பயந்து, காலையில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள் பாப்பா. அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்குக் கோபம் வருகிறது.

ஆனாலும், பள்ளி மாற்றும் பேச்சே இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால், 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நர்சிங்குக்கு எத்தனை வருஷம், மொத்தம் எவ்வளவு என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

நான் கிளம்பும்போது, சைக்கிளை சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: ''நீ எழுதுறவன்தானே... அந்தக் கக்கூஸ் விஷயத்தை எழுதேன். பள்ளிக்கூடம் பேரு மட்டும் போட்டுடாத. ஹெச்.எம் டீச்சர் நல்லவங்க.''